தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஏற்ற வடம் எது?
அனலாக் முறையும் டிஜிட்டல் முறையும்: ஓர் ஆராய்ச்சிப் பாடம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், வள்ளியாறு கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டி அமைந்துள்ளது கடியப்பட்டணம். ஒரு புறம் முட்டம், மறு புறம் மணவாளக்குறிச்சி. கடலை நம்பி வாழும் மக்களும், தென்னையும் வாழையும் நெல்லும் பயிரிடும் மக்களும் அருகருகே வாழும் பகுதி இது. இரு சாராரும் வானத்தையும் கடலையும் பற்றிய செய்தியை நாள்தோறும் எதிர்நோக்குவோரே. அச்செய்தி வானொலி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆகிய பல வழிகளில் வருகிறது. தொலைக்காட்சியில் அது பெரும்பாலும் திரையின் அடியில் ஓடும் சிறு எழுத்துக்களாகவே வருகிறது.

இக்கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒரு வழக்கு உண்டு. காற்றும் மழையும் இன்றி, தொலைவிலுள்ள பெருங்கடலில் எழுந்த அலை, முன்னறிவிப்பின்றிக் கரையேறுவதற்கே இப்பெயர். 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், இம்மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. எந்த மாவட்டம், எத்தனை மீட்டர் உயர அலை, எந்த மணி முதல் எந்த மணி வரை என்பன அவ்வெச்சரிக்கையின் உயிர்நாடி. திரையில் '3' என்பது '8' போலத் தெரியுமாயின் பயன் என்ன? படம் தெரிகிறது என்பதோடு நாம் நிறைவு கொள்ளலாகாது. எழுத்துத் தெரிகிறதா என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடை, பெட்டியின் பின்புறம் செருகப்பட்டிருக்கும் சிறு வடத்தில் ஓரளவு அடங்கியிருக்கிறது. அதனைப் பற்றியதே இப்பாடம்.

1. இரண்டு வடங்கள்

நம் இல்லங்களில் தொலைக்காட்சியோடு தொடர்புடைய வடங்கள் இரண்டு. அவற்றைப் பிரித்தறியாமையே பல வீண் செலவுகளுக்குக் காரணம்.

முதலாவது, தெருவிலிருந்து வரும் கறுப்பு அல்லது வெள்ளை நிற உருண்டை வடம். நடுவே ஒரு செம்புக் கம்பி, அதனைச் சுற்றி வெண்ணிற உறை, அதன் மேல் வலைப்பின்னல் என்ற அமைப்புடையது. இது வீட்டிலுள்ள செட் டாப் பாக்ஸில் வந்து சேர்கிறது. இரண்டாவது, அந்த பாக்ஸிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிக்குச் செல்லும் ஓரிரு முழ நீளமுள்ள சிறு வடம். நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வடத்தையே. தெரு வடத்தை இணைப்பு வழங்குபவரே அமைத்துத் தருவார்.

இத்தேர்வு ஏன் எழுந்தது என்பதையும் அறிதல் நன்று. இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டில்லியில் தொடங்கிற்று. சென்னைக்கு 1975-இல் வந்தது. அன்று முதல் பல ஆண்டுகள் எல்லாம் அனலாக் முறையே. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சென்றடைந்தன. அவையும் பழைய கண்ணாடிக் குழல் வகையைச் சேர்ந்தவை. பின்னர், 2011-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி கேபிள் தொலைக்காட்சி படிப்படியாக டிஜிட்டல் முறைக்கு மாறியது. கிராமப் பகுதிகளுக்கு 2017 மார்ச் 31 இறுதி நாளாகக் குறிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் டிஜிட்டல் உரிமம் பெற்று, செட் டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது.

ஆகவே இன்று, பாக்ஸ் புதிய முறையிலும் பெட்டி பழைய முறையிலும் இருக்கும் வீடுகள் உண்டு. இரண்டும் புதியனவாக இருந்தும், பழக்கத்தினால் பழைய ஒயரையே செருகியிருக்கும் வீடுகளும் உண்டு. இரண்டையும் இணைக்கும் வடத்தைப் பற்றிய ஐயம் இவ்வாறு எழுந்ததே.

2. அனலாக் வடம்

மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று முனைகளையுடைய ஒயரை அறியாதார் இல்லை. மஞ்சள் படத்திற்கு, வெள்ளையும் சிவப்பும் இடது, வலது ஒலிக்கு. படத்தின் வெளிச்சம் கூடக்கூட மஞ்சள் ஒயரில் மின்னழுத்தம் கூடும். இருள் மிகுந்தால் குறையும். படத்தின் ஏற்ற இறக்கத்தை மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாகவே அனுப்புவது அனலாக் முறை.

இதனை வயல் வாய்க்காலுக்கு ஒப்பிடலாம். மடையில் விட்ட நீர் அப்படியே கடைமடைக்கு வருவதில்லை. வழியில் கசிவது கசியும், கலங்குவது கலங்கும். கலங்கிய நீரைக் கண்டு, மடையில் அது எவ்வளவு தெளிவாக இருந்தது என்று கூற இயலாது. அதுபோலவே ஒயரில் துருவோ, அருகிலுள்ள மின்கம்பியின் இரைச்சலோ சேர்ந்தால், அதுவும் படத்தோடு படமாகத் திரைக்கு வந்துவிடும். புள்ளிகள் மின்னும், நிழல் விழும். எனினும் படம் ஒரேயடியாக மறைந்து போகாது. இது இம்முறையின் அனுகூலம்.

மஞ்சள் ஒயருக்கு மற்றொரு குறையும் உண்டு. வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. தொலைக்காட்சிப் பெட்டி அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். முற்றிலும் பிரிக்க இயலுவதில்லை. எனவே எழுத்தின் ஓரங்களில் வண்ணக் கசிவும், ஊர்ந்து செல்லும் புள்ளிகளும் தோன்றும். 14 அங்குலப் பழைய பெட்டியில் இது கண்ணை உறுத்துவதில்லை. 32 அங்குலம், 43 அங்குலம் உள்ள தட்டைத் திரையிலோ, சிறு எழுத்துக்கள் மெழுகியது போலத் தோன்றும்.

3. டிஜிட்டல் வடம்

தட்டையான, இரு மூலைகள் சரிந்த முனையையுடையது எச்.டி.எம்.ஐ. வடம். இம்முறை 2002-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இதன் முனையில் 19 பின்கள் உண்டு. படம், ஒலி இரண்டும் இந்த ஒரே வடத்தில் செல்லும்.

இதில் படம் எண்களாகச் செல்கிறது. 1,920 புள்ளிகள் அகலமும் 1,080 புள்ளிகள் உயரமும் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அவற்றின் வண்ணத்தை வினாடிக்கு 50 முறை கூறுவதாயின், வினாடிக்கு 10 கோடியே 36 இலட்சத்து 80 ஆயிரம் புள்ளிகளின் கணக்கு வடத்தின் வழியே செல்ல வேண்டும். ஒவ்வொரு கணக்கும் 'உண்டு', 'இல்லை' என்னும் இரு குறிகளால் ஆனது.

இது நெல்லை அளக்கும்போது கயிற்றில் முடிச்சிட்டுக் கணக்கு வைப்பதைப் போன்றது. கயிற்றில் சேறு படிந்தாலும் முடிச்சை எண்ணிவிடலாம். கணக்கில் ஒரு மரக்காலும் குறையாது. ஆனால் கயிறு இற்றுப் போனால் கணக்கே போய்விடும். டிஜிட்டல் வடத்தின் இயல்பும் அதுவே. சிறு பழுது படத்தைச் சற்றும் மங்கச் செய்வதில்லை. பழுது ஓர் எல்லையைத் தாண்டினால், வெண்பொறிகள் சிதறும்; படம் விட்டு விட்டு வரும்; பின்னர் திரை முற்றிலும் இருண்டுவிடும்.

இதிலிருந்து முக்கியமான ஓர் உண்மை பெறப்படுகிறது. ஒழுங்காக வேலை செய்யும் இரு டிஜிட்டல் வடங்களுள் ஒன்று மற்றொன்றைவிட நல்ல வண்ணமோ, கூடுதல் தெளிவோ தருவதில்லை. எண்கள் சரியாக வந்து சேர்ந்தன என்றால் சரி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் வடத்தால் படம் அழகுபெறும் என்று எவரேனும் கூறினால், அது பொருந்தாக் கூற்று என அறிக.

4. எந்த நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கடைக்குச் செல்வதற்கு முன்னர், பெட்டியின் பின்புறத்தையும் பாக்ஸின் பின்புறத்தையும் பார்த்தல் வேண்டும். இரண்டிலும் உள்ள துளைகளே விடையைக் கூறிவிடும்.

(அ) பழைய கண்ணாடிக் குழல் பெட்டியும் சாதாரண பாக்ஸும் உள்ள வீடு: மூன்று வண்ண ஒயரே போதும். வேறு எதுவும் வாங்க வேண்டுவதில்லை. படம் நன்றாகத் தெரியும் பெட்டியை, 'டிஜிட்டல் வந்துவிட்டது' என்பதற்காக ஒதுக்குதல் சிக்கனமன்று. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால், பழுதுற்ற பின்னரும் அதனை உடைத்துக் குப்பையில் எறிதல் தீது.

(ஆ) தட்டைத் திரைப் பெட்டி, பாக்ஸ் இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. துளை உண்டு: ஐயமின்றி டிஜிட்டல் வடத்தையே பயன்படுத்துக. இந்நிலையில் மஞ்சள் ஒயரைச் செருகினால், பாக்ஸ் எண்களை மின்னழுத்தமாக மாற்றும். பெட்டி அதனை மீண்டும் எண்களாக மாற்றும். நெல்லை விற்று அரிசி வாங்கி, அரிசியை விற்று மீண்டும் நெல் வாங்குவது போன்ற இந்த இரட்டை மாற்றத்தில் இழப்பே மிச்சம்.

(இ) தட்டைத் திரைப் பெட்டி உண்டு. பாக்ஸில் மூன்று வண்ணத் துளைகள் மட்டுமே உண்டு: அவ்வொயரையே பயன்படுத்துக. சாதாரண பாக்ஸ் அனுப்பும் படம் 720 புள்ளி அகலமும் 576 புள்ளி உயரமும் கொண்டது. அதாவது 4,14,720 புள்ளிகள். முன்னர்க் கூறிய 20,73,600-இல் இது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. எந்த வடமும் இல்லாத புள்ளிகளைப் படைத்துத் தராது. தெளிவு வேண்டுமாயின், எச்.டி. பாக்ஸும் எச்.டி. அலைவரிசையும் கேட்டுப் பெறுதலே வழி.

(ஈ) பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே உண்டு, பெட்டி பழையது: இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் மறு முனையில் மூன்று வண்ணங்களும் உள்ள வெறும் ஒயர் கடைகளில் விற்கப்படுகிறது. எண்களை மின்னழுத்தமாக மாற்றும் கருவி அதனுள் இல்லையாதலால், இவ்விணைப்புக்கு அது பயன்படாது. இதற்கு வேண்டியது தனி மின்சாரம் பெற்று இயங்கும் சிறு மாற்றுக் கருவி. அதனை வாங்கும்போது திசையையும் கேட்டறிக. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது வேறு; ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

(உ) புதிய பெட்டியில் மூன்று வண்ணத் துளைகளுக்குப் பதிலாகச் சிறு வட்டத் துளை ஒன்று மட்டும் இருத்தல்: பெட்டியுடன் வந்த சிறு இணைப்பு ஒயரையே பயன்படுத்துக. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், உள்ளமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு ஒயரைச் செருகினால் படம் வராமல் இரைச்சல் மட்டும் வரலாம்.

5. நீளமும் விலையும்

டிஜிட்டல் வடம் நீளத்தைப் பொறுப்பதில்லை. வீட்டு உபயோகத்திற்கு ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் வடம் போதுமானது. மூன்று, ஐந்து மீட்டர் வரை சாதாரண வடங்கள் பெரும்பாலும் தொல்லையின்றி இயங்கும். பத்து, பதினைந்து மீட்டர் என்று போகப்போக, நல்ல தரமான வடமும் திணறக்கூடும். கூட்ட மண்டபத்தில் பெட்டி ஒரு மூலையிலும் பாக்ஸ் மறு மூலையிலும் வைக்க நேர்ந்தால், எச்.டி.எம்.ஐ. வடத்தை நீட்டுவதைவிட, பாக்ஸைப் பெட்டியின் அருகே கொணர்ந்து தெரு வடத்தை நீட்டுவதே அறிவுடைமை. அவ்வுருண்டை வடம் தொலைவு செல்வதற்கென்றே அமைந்தது.

வடம் வாங்கும்போது 'ஹை ஸ்பீட்' என்று குறிக்கப்பட்டதைக் கேட்டால் போதும்; எச்.டி. படத்திற்கு அது தாராளம். வினாடிக்கு 48 ஜிகாபிட் செல்லும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' வடம், மிக உயர்ந்த தெளிவுள்ள படங்களுக்கு உரியது. கேபிள் தொலைக்காட்சி பார்ப்போருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

6. கடற்காற்றும் இடியும்

நகரத்துக் கடைக்காரர் கூறாத ஒரு விஷயம் கடலோர ஊர்களுக்கு உண்டு. அதுவே உப்பு.

கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத் துகள், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தின் மேல் படியும். செம்பு பச்சை பூக்கும், இரும்பு துருவேறும். வடங்கள் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை, முனைகளிலேயே கெடுகின்றன. அனலாக் வடமாயின், படம் நாளுக்கு நாள் மங்கி நம்மை முன்கூட்டியே எச்சரிக்கும். டிஜிட்டல் வடமோ, நேற்று வரை பளிச்சென்று இருந்து இன்று இருண்டுவிடும். புயல் எச்சரிக்கை வரும் ஈரமான நாளில் இது நேர்ந்தால் என்ன செய்வது? ஆகவே கடற்கரை ஊரில் டிஜிட்டல் வடத்தைப் பயன்படுத்துவோர், கெட்ட பின் பார்ப்பது என்றில்லாமல், குறித்த காலத்தில் பார்ப்பது என்ற பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

முனைக்குத் தங்கமுலாம் பூசிய வடங்கள் விற்கப்படுகின்றன. தங்கம் படத்தை மேம்படுத்துவதில்லை. ஆனால் அது துருப்பிடிக்காது என்பது உண்மை. எனவே விலை வேற்றுமை சிறிதாயின், கடலோரத்தில் அதனை வாங்குதல் தவறன்று. முலாம் மிக மெல்லியது. அடிக்கடி செருகிப் பிடுங்கினால் தேய்ந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

கையாள வேண்டிய முறைகள் இவை:

சன்னலுக்கு நேராகப் பெட்டியை வைக்கலாகாது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முனைகளைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் செருக வேண்டும். ஈரத் துணி கூடாது. தெரு வடம் வீட்டினுள் நுழையும் இடத்தில், அதனைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்து விட்டால், மழைநீர் வடத்தின் வழியே உள்ளே வராமல் வளைவிலேயே சொட்டிவிடும். வெளியிலுள்ள இணைப்புகள் நீர் புகாதபடி உறையிடப்பட்டுள்ளனவா என்று கவனித்தல் வேண்டும்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது குமரி மாவட்டம். பருவம் மாறும் மாதங்களில் இடியும் மின்னலும் மிகுதி. மின்னலால் எழும் மின்பாய்ச்சல், தெரு வடத்தின் வழியே பாக்ஸிற்கும், சிறு வடத்தின் வழியே பெட்டிக்கும் பாயும். எனவே இடி தொலைவில் கேட்கத் தொடங்கும் போதே மின்செருகியையும் தெரு வடத்தையும் கழற்றிவிடுக. இடி தலைக்கு மேல் வந்தபின் வடத்தைத் தொடுதல் ஆபத்து. அவ்வேளையில் எச்சரிக்கையை அறிய மின்கலத்தால் இயங்கும் வானொலியும் கைப்பேசியுமே துணை. தொலைக்காட்சி ஒன்றையே நம்பியிருத்தல் எக்காலத்தும் கூடாது.

7. பழுது எங்கே என அறியும் வழி

திரையில் கட்டம் கட்டமாகப் படம் உடைந்தால், உடனே சிறு வடத்தை மாற்றுவோர் பலர். அதற்கு முன் ஓர் எளிய சோதனை உண்டு. ரிமோட்டில் 'மெனு' பொத்தானை அழுத்துக. அந்தப் பக்கம் பாக்ஸினுள்ளேயே உருவாவது, தெருவிலிருந்து வருவதன்று. மெனு தெளிவாகத் தெரிந்து அலைவரிசை மட்டும் உடைந்தால், குறை பெரும்பாலும் தெரு வடத்தில் உள்ளது. இணைப்பு வழங்குபவரை அழைக்க வேண்டும். மெனுவும் சேர்ந்து சிதறினாலோ மறைந்தாலோ, முதலில் ஐயுற வேண்டியது சிறு வடமும் அதன் முனைகளுமே. இச்சோதனைக்குக் காசு செலவில்லை.

8. பஞ்சாயத்தின் கடமை

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக் கோள் வழியாக 6 மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைத்து, வேளாண்மையும் சுகாதாரமும் கல்வியும் கற்பிக்கப்பட்டன. இன்று வீட்டுக்கு வீடு பெட்டி உண்டாயினும், நூலகத்திலும் அங்கன்வாடியிலும் மீன்பிடி இறங்குதளத்திலும் பொதுப் பெட்டிக்கு இன்னும் வேலை உண்டு. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 முதல் நடைபெற்று வருகிறது. அதில் கணக்கும் எழுத்தும் திரையில் தெளிவாகத் தெரிந்தாலன்றிப் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

கடியப்பட்டணம் போன்ற ஓர் ஊரில் பொதுப் பெட்டி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் பெட்டியின் அங்குலத்தையும் விலையையும் மட்டும் பார்த்துத் தீர்மானம் நிறைவேற்றுதல் போதாது. பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. துளை உண்டா, வடத்தின் நீளம் எவ்வளவு, நிலக் கம்பி இணைப்பு உண்டா, மாதம் தோறும் பெட்டியைப் பார்வையிடும் பொறுப்பு யாருடையது என்பனவற்றையும் தீர்மானத்தில் எழுதுதல் வேண்டும். ஒரு வடத்திற்கு இரண்டாக வாங்கி, மற்றொன்றை நெகிழி உறையில் காற்றுப் புகாமல் கட்டி அலமாரியில் வைப்பது நலம். விலையுயர்ந்த ஒரு வடத்தைவிடச் சாதாரண வடம் இரண்டு மேலானவை.

பெட்டியை அமைத்த நாளில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அறையின் கடைசி வரிசையில் வயதான ஒருவரை அமரச் செய்து, திரையின் அடியில் ஓடும் வரியைப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடையின்றிப் படித்தால் வடம் சரி, பெட்டி சரி, வைத்த இடமும் சரி. அவர் படிக்கத் திணறினால், விலைச்சீட்டு எவ்வளவு காட்டினும் வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். ஊர்ப் பணத்தில் வாங்கிய பொருளுக்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. தெரு வடத்திற்கும் பாக்ஸிலிருந்து பெட்டிக்குச் செல்லும் வடத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. உங்கள் வீட்டுப் பெட்டியின் பின்புறத்தில் உள்ள துளைகள் எவை? மேற்கூறிய ஐந்து நிலைகளுள் உங்களுடையது எது?

3. டிஜிட்டல் வடம் பழுதுறும்போது, அனலாக் வடத்தைப் போலப் படம் மெல்ல மங்குவதில்லை. ஏன்?

4. திரை கட்டம் கட்டமாக உடையும்போது, குறை தெரு வடத்திலா, சிறு வடத்திலா என எவ்வாறு அறிவீர்?

5. உங்கள் ஊரிலுள்ள பொதுப் பெட்டியின் வட முனைகள் கடைசியாக எப்போது துடைக்கப்பட்டன? அடுத்த கூட்டத்தில் வினவி அறிக.